சுழற்கோப்பை வரும் ஊர்

தேனியிலிருந்து கண்டமனூர் வழியாகத் தெற்கே போகும் சாலையில் கடமலைக்குண்டு என்னும் ஊர் இருக்கிறது. இரு புறமும் மலைத் தொடர். பக்கத்தில் மூல வைகை. அப்பால் மயிலாடும்பாறை, அதற்கும் அப்பால் வருஷநாடு. மதுரையின் நடுவே ஓடும் வைகை இந்த மலைகளில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டுத் தலையணைகளுக்குள் இருக்கும் இலவம் பஞ்சிலும் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதே. ஆகையால், நேயர்களில் பலர் கடமலைக்குண்டைக் கண்ணால் பார்த்திராவிட்டாலும் அதன்மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கக் கூடும்.

இந்த ஊரின் பெயரோடு கூடைப் பந்து என்னும் விளையாட்டைச் சேர்த்து நினைக்கிறவர்கள் அதிகம் பேர் இரார். கபடி என்றால் சரி, கைப் பந்து என்றாலும் சரி. கூடைப் பந்து பட்டணத்துக் கல்லூரிகளின் விளையாட்டு அல்லவா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களை நாம் இதே தேனி ஜில்லாவின் வடகோடிக்கு அழைத்துப் போக வேண்டும். கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வராக நதியின் கரையில், மாந்தோப்புகளுக்கு நடுவே பெரியகுளம் என்ற ஊர் இருக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்கே நாற்பதாயிரத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள். மாம்பழக் காலமாகிய மே மாதத்தில் அந்த ஊருக்கு இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் ஆறடிக்கு மேல் உயர்ந்த ஆசாமிகள் வந்து இறங்குகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கம் நடந்து வருகிறது. அவர்கள் மாம்பழம் வாங்க வருவதில்லை. கூடைப் பந்து ஆட வருகிறார்கள்.

இந்த அதிசயம் எப்படி நடக்கிறது, இதே போல வேறு தேசத்தில் ஒரு சிறு நகரம் எப்படிப் புகழ் பெற்றது, இந்த இரண்டிலிருந்தும் கடமலைக்குண்டு போன்ற ஊர்கள் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

பழக் கூடையில் பிறந்த விளையாட்டு

முதலில் விளையாட்டின் பிறப்பைப் பார்த்து விடுவோம். 1891-ம் வருஷம் டிஸம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில் வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெயிஸ்மித் என்று ஒரு தேகப் பயிற்சி உபாத்தியாயர் இருந்தார். வெளியே கடும் பனி. உள்ளே பதினெட்டு மாணவர்கள். தண்டால், கஸரத்து என்றால் அவர்களுக்குச் சலிப்பு. கால் பந்தை உள்ளே விட்டாலோ ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயம். நெயிஸ்மித் யோசித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று விதித்தால் ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ள வேண்டிய அவசியம் இராது. இலக்கைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே வைத்தால் முரட்டு பலத்தால் அடித்துப் பயன் இல்லை. நிதானமாகக் குறி பார்த்துத்தான் எறிய வேண்டும்.

கட்டிடக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப் பழக் கூடை இரண்டு இருக்கிறது என்றார் காவலாளி. பெட்டி கிடைத்திருந்தால் இந்த விளையாட்டுக்கு என்ன பெயர் வந்திருக்குமோ! கூடைகள் பத்தடி உயரத்தில் மாடித் தாழ்வாரத்தின் ஓரத்தில் அடிக்கப்பட்டன. பக்கத்துக்கு ஒன்பது பேர். விதிகள் பதின்மூன்று. பந்து கூடையில் விழுந்தால் யாராவது ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். இப்போது கூடைக்கு அடி இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர்தான் ஆடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்தடி உயரம் மட்டும் இன்று வரை மாறவில்லை.

1892-லேயே ஸெண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். எனவே இது ஆண்களுக்காகப் பிறந்து பிற்காலத்தில் பெண்களுக்கு இரவல் கொடுக்கப்பட்ட ஆட்டம் அல்ல என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். 1893-ம் வருஷம் டிஸம்பரில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் பாரிஸ் நகரத்து ட்ரெவீஸ் வீதியில் அதே சங்கத்தின் கட்டிடத்தில் நடந்தது. 2019 ஜனவரியில் அந்த வீதியில் நேர்ந்த எரிவாயு வெடிவிபத்தில் அந்தக் கட்டிடம் சேதம் அடைந்தது.

சென்னைக்கு இந்த விளையாட்டு வந்து வேரூன்றியதில் ஹாரி க்ரோ பக் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரும் ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் படித்தவரே. 1920-ல் அவர் சென்னையில் தேகப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்த உபாத்தியாயர்கள் தமிழ்நாட்டின் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களோடு பந்தும் வளையமும் போயின. ஆண்களுக்கான தேசியப் பந்தயம் 1934-ல் டில்லியில் முதன் முதலாக நடந்தது. இந்தியக் கூடைப் பந்து சம்மேளனம் 1950-ல் ஏற்பட்டது.

பெரியகுளத்தின் வைபவம்

பெரியகுளத்தில் இந்தப் பந்தயத்தை நடத்துகிறவர்கள் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பார். பந்தயம், பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடப்பது. சுழற்கோப்பை என்பதில் ஒரு அழகு இருக்கிறது. ஜயித்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. சென்னைக்குப் போனாலும் லோனாவாலாவுக்குப் போனாலும், மறு மாம்பழக் காலத்தில் கோப்பை பெரியகுளத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பெரியகுளத்தார் கோப்பையை யாருக்கும் கொடுத்து விடுவதில்லை, வருஷா வருஷம் இரவல்தான் கொடுக்கிறார்கள் என்று கூடச் சொல்லலாம்.

இந்தப் பந்தயத்துக்கு வரும் கோஷ்டிகளின் பெயரைப் பார்த்தால் கூடைப் பந்து ஆட வருகிறார்களா, கச்சேரி வேலையாக வருகிறார்களா என்று சந்தேகம் உண்டாகும். சென்னை இந்தியன் ஓவர்ஸீஸ் வங்கி, சென்னை வருமான வரி இலாகா, கேரள மின்சார வாரியம், லோனாவாலா இந்தியக் கடற்படை, இந்திய விமானப்படை என்று இப்படிப் போகும் ஜாபிதா. ஆட்டங்கள் மின்னொளியில் நடக்கும். பகலெல்லாம் காய்ந்த கோடை வெயிலுக்குப் பிறகு மலைக் காற்று இறங்குகிற வேளையில், ஊர் ஜனங்கள் கூடி உட்கார்ந்து, வங்கிக்கும் கடற்படைக்கும் நடக்கும் போட்டியைக் கண்டு களிக்கிறார்கள்.

கோஷ்டிகளுக்கு ஏன் இந்தப் பெயர்கள்? இந்திய தேசத்துக் கூடைப் பந்தின் பொருளாதாரமே இதற்குள் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் வெகு காலம் வரையில் கூடைப் பந்து ஆடிச் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கழகம் என்பதே கிடையாது. 2015-ல் ஒரு தொழில்முறைப் பந்தயம் தொடங்கி, 2017-க்குப் பிறகு நின்று போயிற்று. பின்னரும் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆட்டக்காரரின் வீட்டில் அடுப்பெரியச் செய்தது உத்தியோகந்தான். ரயில்வே, வங்கி, வரி இலாகா, ராணுவம், போலீஸ் ஆகியவை நன்றாக ஆடும் வாலிபர்களுக்கு வேலை கொடுத்தன. அவர்கள் காலையிலும் மாலையிலும் பழகினார்கள். வருஷத்தில் சில வாரங்கள் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். இந்தியா ஒலிம்பிக் கூடைப் பந்தில் கலந்துகொண்டது ஒரே ஒரு முறை, 1980-ல் மாஸ்கோவில். அன்று ஆடியவர்களும் இவ்விதம் உத்தியோகம் பார்த்தவர்களே அல்லாமல் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. முழங்கால் பழுதானாலும், முப்பத்தைந்து வயது கடந்தாலும், மாதச் சம்பளம் நிற்பதில்லை. தன் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கவலைப்படும் தகப்பனாருக்கு இதைவிட நல்ல பதில் வேறு இல்லை. ஒரு தீமையும் உண்டு. வேலை கொடுக்கும் ஸ்தாபனம் மனம் மாறினாலோ, உருமாறினாலோ, கோஷ்டியும் போயிற்று. தென்னாட்டு மைதானங்களில் பெயர் பெற்றிருந்த விஜயா வங்கி, 2019 ஏப்ரல் 1-ந் தேதி பரோடா வங்கியோடு ஐக்கியமாயிற்று. பணத்தைப் போட்டவர்களுக்குக் கணக்குப் புத்தகம் மட்டும் மாறியது. ரஸிகர்களுக்கோ ஒரு கோஷ்டியின் பெயரே ஆட்ட ஜாபிதாவிலிருந்து மறைந்தது.

பீங்கான் நகரத்துக் கதை

இனி, தொழில்முறைக் கழகங்கள் வேரூன்றிய தேசம் ஒன்றைப் பார்ப்போம். பிரெஞ்சு தேசத்தின் மத்தியப் பகுதியில் லிமோஜ் என்று ஒரு நகரம். அதன் ஜனத்தொகை சுமார் 1,30,000. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பிரதேசத்தில் வெள்ளைக் களிமண் அகப்பட்டது முதல் பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர் போன ஊர் அது. பாரிஸ், மார்ஸேய் போன்ற மகா நகரங்களோடு அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த ஊரில் 1929-ம் வருஷத்தில், ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த இளைஞர்கள் பொழுதை நல்ல வழியில் கழிப்பதற்காகச் 'செர்க்ள் ஸாங் பியேர்' என்ற சங்கம் ஏற்பட்டது. புனித பேதுருவின் சங்கம் என்று அதற்குப் பொருள். ஊரார் அதை ஸி. எஸ். பி. என்று மூன்று எழுத்தில் அழைக்கிறார்கள். அரை நூற்றாண்டு அது சாதாரணச் சங்கமாகவே இருந்தது. பிறகு கிளம்பிற்று பாருங்கள்! 1982-லும் 1983-லும் ஐரோப்பாவின் கோராச் கோப்பை அதன் வசமாயிற்று. 1983, 1984, 1985 ஆகிய மூன்று வருஷங்களும் தொடர்ந்து தேசத்தின் சாம்பியன் பட்டம். 1987-ல் பிரெஞ்சு தேசத்துத் தொழில்முறைக் கழகங்களுக்கென்று தனிச் சம்மேளனம் ஏற்பட்ட போது, லிமோஜ் முன் வரிசையில் நின்றது.

1993 ஏப்ரல் 15-ந் தேதிதான் அந்த ஊருக்குப் பொன்னாள். கிரீஸ் தேசத்தில் ஏதன்ஸ் நகரத்துப் பக்கத்தில் ஐரோப்பிய சாம்பியன் பந்தயத்தின் இறுதி ஆட்டம். எதிரே இத்தாலியின் பெனட்டன் த்ரெவீஸோ கோஷ்டி. அதிலே டோனி குகோச் என்ற மகா சூரர். லிமோஜின் பயிற்சியாளர் போஷிதார் மல்கோவிச் தம் ஆட்டக்காரர்களின் பலத்தையும் பலவீனத்தையும் நன்கு அறிந்தவர். வேகமாக ஆடினால் தோற்போம். ஆட்டத்தை மெல்ல நடத்தி, எதிரி கூடைக்கு அருகில் வராமல் காப்போம் என்று தீர்மானித்தார். அழகில்லாத ஆட்டம் என்று பலர் எள்ளினார்கள். கடைசி விநாடிகளில் குகோச்சின் கையிலிருந்து பிரெடெரிக் போர்ட் என்ற வாலிபர் பந்தைப் பறித்தார். 59-க்கு 55 என்று லிமோஜ் ஜயித்தது. பிரதான குழு விளையாட்டுகளில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை முதன் முதலில் பிரெஞ்சு தேசத்துக்குக் கொண்டு வந்தது இந்தப் பீங்கான் ஊர்தான். கால் பந்தில் மார்ஸேய் அதைச் செய்தது ஆறு வாரங்களுக்குப் பிறகே.

ஏறியவர்கள் இறங்குவது உலக இயல்பு. ஆனால் லிமோஜ் இறங்கிய விதம் விசித்திரமானது. 2000-ம் வருஷத்தில் அந்தக் கழகம் தேசியப் பட்டம், தேசியக் கோப்பை, கோராச் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே வருஷத்தில் கணக்கைப் பார்த்த அதிகாரிகள், பணப் பெட்டியில் வரவைக் காட்டிலும் கடன் அதிகம் என்று கண்டு, இரண்டாம் படிக்கு இறக்கி விட்டார்கள்! மைதானத்தில் தோற்காத கோஷ்டி கணக்கில் தோற்றது. நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பெரிய சம்பளம் வேண்டும். பெரிய சம்பளத்துக்குக் கோப்பைகள் வேண்டும். கோப்பைகளுக்கு மேலும் நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டும். இந்தச் சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்ட சிறு நகரத்துக் கழகத்துக்கு மூச்சுத் திணறுவது இயல்பே. மேலே ஏறிவர முயன்று, 2004-ல் கழகம் திவாலாகி மூன்றாம் படிக்கு வந்து விட்டது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏதன்ஸில் பந்தைப் பறித்தாரே, அதே பிரெடெரிக் போர்ட், 2004-ல் கழகத்தின் தலைமையை ஏற்றார். மூன்றாம் படி ஆட்டங்களுக்கும் ஊர் ஜனங்கள் ஆயிரக் கணக்கில் திரண்டு வந்து, நகரத்தின் பொப்ளான் விளையாட்டு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு முறை சறுக்கி, மறுபடி ஏறி, 2014-லும் 2015-லும் லிமோஜ் பிரெஞ்சு தேசத்தின் சாம்பியனாயிற்று. போர்ட் 2017 டிஸம்பர் 31-ந் தேதி, ஐம்பது வயதுகூட நிரம்பாமல், காலமானார். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்த கையால் யமனிடமிருந்து தம் ஊரின் கழகத்தையும் பறித்துக் கொடுத்தவர் அவர்.

அங்கும் இங்கும்

லிமோஜையும் பெரியகுளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா? கோடிக் கணக்கில் செலவு செய்யும் கழகம் எங்கே, வருஷத்துக்கு ஒரு முறை பந்தயம் நடத்தும் கிளப் எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். வித்தியாசம் உண்டு. லிமோஜ் தன் ஊர்ப் பெயரை ஆட்டக்காரரின் மார்பில் எழுதி வெளியே அனுப்புகிறது. பெரியகுளம் வெளியார்களைத் தன் ஊருக்குள் அழைக்கிறது. லிமோஜ் ரஸிகர் 'நம் பையன்கள்' என்று கோஷமிடுகிறார். பெரியகுளத்து ரஸிகருக்கு அந்தச் சந்தோஷம் அவ்வளவு எளிதாகக் கிட்டுவதில்லை. அவர் கடற்படைக்கும் வங்கிக்கும் நடுவே, நன்றாக ஆடுகிறவரின் பக்கம் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஒற்றுமையும் உண்டு, அதுதான் முக்கியம். பணம் போன பிறகு லிமோஜைக் காப்பாற்றியது, தோற்கும் கோஷ்டியையும் பார்க்க வந்து உட்கார்ந்த ஜனங்கள். பெரியகுளத்துப் பந்தயத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி வந்ததும் ஊர்க்காரர்களின் விடாப்பிடிதான். கோஷ்டிகளுக்கு அழைப்பு எழுதுவதும், தங்க இடம் பார்ப்பதும், விளக்குப் போடுவதும், தலைமுறை மாறினாலும் யாராவது ஒருவர் செய்தாக வேண்டிய வேலைகள். 2020 மே மாதத்தில் தொற்றுநோயால் நாடு முழுவதும் மைதானங்கள் வெறிச்சென்று கிடந்தன. அதற்குப் பிறகும் பெரியகுளத்தில் பந்து துள்ளத் தொடங்கியது என்றால், அந்த வேலைகளைச் செய்ய ஆட்கள் மறுபடி முன்வந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயத்தில் பெரியகுளத்தைவிட லிமோஜ் ஒரு படி மேலே நிற்கிறது. பிரெஞ்சு தேசத்து முதல் படிக் கழகங்கள் இளைஞர்களுக்குப் பயிற்சி நிலையமும் நடத்த வேண்டும். பார்க்க வந்த சிறுவன் ஆடக் கற்றுக்கொள்வதற்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரிய ஆட்டத்தைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. வருஷத்தில் மற்ற நாட்களில் கையில் பந்து கிடைப்பதுதான் உடம்புக்கு ஆகாரம்.

கடமலைக்குண்டுக்கு ஒரு வளையம்

இப்போது வருஷநாட்டுப் பக்கம் திரும்புவோம். ஒரு முழுக் கூடைப் பந்து மைதானத்துக்கு வேண்டிய இடம் நீளத்தில் 28 மீட்டர், அகலத்தில் 15 மீட்டர். அதுவும் அதிகம் என்றால், பக்கத்துக்கு மூன்று பேர் ஒரே ஒரு வளையத்தில் ஆடும் ஆட்டம் இருக்கிறது. அதற்கு 15-க்கு 11 மீட்டர் போதும். டோக்கியோவில் 2021-ல் நடந்த ஒலிம்பிக்கிலேயே அதைச் சேர்த்து விட்டார்கள். நம் கிராமங்களில் கதிரடிக்கும் களத்துக்கும், கோடையில் இலவங்காய் காயப் போடும் களத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கம்பம், ஒரு பலகை, பத்தடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம், சமமான தரை, ஒரு பந்து: கால் பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் வேண்டிய நிலத்தை நினைத்தால் இது எவ்வளவு சிக்கனம்!

தரைக்கும் கம்பத்துக்கும் பணம் திரட்டுவது ஒரு நாள் காரியம். தினமும் மாலை ஐந்து மணிக்கு அங்கே வந்து நின்று, பந்தைப் பிடிப்பது எப்படி, கால் வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அதுதான் வருஷக் கணக்கான காரியம். பெரியகுளத்தில் அனுபவம் பெற்ற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மே மாதத்தில் கோப்பைக்காக வருகிறவர்களில் இரண்டொருவர், ஒரு காலை வேளையில், தேனி வழியாகப் பஸ் ஏறிக் கடமலைக்குண்டுக்கும் வந்து பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஆடினால் என்ன? பார்த்த ஆட்டத்தை மறந்துவிடுகிற பிள்ளையும், தன் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தைப் போட்ட அந்த உயர்ந்த மனிதரை ஒரு நாளும் மறக்க மாட்டான்.

'மாட்டான்' என்று எழுதி விட்டோம். 'மாட்டாள்' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இளம் வயதிலேயே இந்தியப் பெண்கள் கோஷ்டியில் இடம் பெற்றார், தலைமையும் தாங்கினார், தென்னக ரயில்வேயில் உத்தியோகமும் பெற்றார். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு மறுபடி மைதானத்துக்கு வந்து, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா முதலிடம் பெற்ற போது கோஷ்டியில் இருந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மூல வைகைக் கரையில் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடக்கும் பெண் குழந்தைகளின் கால்களும் அவருடைய கால்களைப் போலத்தான் படைக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் வீட்டுக்குத் திரும்ப அரை மணி நேரம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாத பெற்றோர்களும், வீதியில் விளக்கும் வேண்டும். இவை இல்லாமல் வளையத்தை மட்டும் மாட்டுவது, அடியில்லாத கூடையில் மாம்பழம் போடுவது போல ஆகும்.

பெரியகுளத்துக் கோப்பையை இந்த அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கோஷ்டிகள் தூக்கிச் சென்றிருக்கின்றன. அது சென்னை பார்த்திருக்கும், கடற்கரை பார்த்திருக்கும், ராணுவப் பாசறை பார்த்திருக்கும். தன் ஜில்லாவின் தென்கோடிக்கும் ஒரு வருஷம் போய் வரும்படி அதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமானால், அதற்கான வேலையைக் கடமலைக்குண்டில் இந்தக் கோடையிலேயே ஆரம்பிப்பது உத்தமம்.